வில்லுக்கத்தியின் குற்றங்கள்



இரத்தினபுரி நகரத்துக்கு முதன்முறையாக வருகின்றவர்களின் கண்ணில் உடனே படுவது தெருவோரத்தில் நின்று கல் பார்க்கின்ற மனிதர்கள்தாம். ஒருவர் நீட்டும் சிறு கடதாசிப் பொட்டலத்தை மற்றவர் வாங்கிப் பிரிப்பார். உள்ளே கிடக்கும் நீலக்கல்லை இரு விரல்களுக்கிடையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்துவார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். நூலளவு கீறல் இருக்கிறதா, நடுவில் புகை படிந்திருக்கிறதா, நிறம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறதா என்றெல்லாம் அந்த ஒற்றைக் கண் துருவித் துருவித் தேடும். இப்படிக் குற்றம் பார்ப்பது நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மாநகரின் இரத்தினக் கடைவீதியைக் காட்டும் இளங்கோவடிகள், வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படுவதில்லை. தகப்பனோ மாமனோ மாணிக்கக் குழியில் இறங்கியவராக இருப்பார்.

ஆனால் இன்று நான் பேச வந்தது கல்லைப் பற்றியன்று. கல் பார்க்கும் அதே தெருவிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இரும்புக்கடை. அதன் வாசலில் ஒரு பழைய பிஸ்கட் தகரம். தகரத்துக்குள் மடக்குக் கத்திகள் குவியலாகக் கிடக்கும். பாக்குச் சீவ, கயிறு அறுக்க, உரச்சாக்கின் வாய் பிரிக்க, நாற்றுக்கு ஒட்டுக் கட்ட என்று தோட்டத்து மனிதர் வாங்கிப் போகும் கத்திகள். மாணிக்கத்தின் குற்றத்துக்குக் காவியத்தில் இடம் இருக்கிறது. இந்தக் கத்தியின் குற்றத்தை எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார். அவர் என் பெரியப்பா.

கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில், நாற்றுமேடையிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒட்டுக் கட்டியவர் அவர். றப்பரில் ஒட்டா என்று சில நேயர்கள் வியக்கக்கூடும். 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ பூங்காவிலிருந்து எங்கள் நாட்டுக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்ட றப்பர் நாற்றுகள் விதையிலிருந்து முளைத்தவை. விதைக்கன்று தாயைப் போலவே பால் தரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, நன்றாகப் பால் தரும் இனத்தின் ஓர் அரும்பை மட்டும் பட்டையோடு சேர்த்து எடுத்து, விதைக்கன்றின் தண்டில் பதித்துக் கட்டுகிறார்கள். விவசாயப் புத்தகங்கள் இதை அரும்பொட்டு என்கின்றன. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 100 போன்ற இனங்கள் மலைமலையாகப் பரவியது இந்த வழியால்தான்.

இந்த வேலைக்கு வேண்டிய ஆயுதம் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி. தண்டில் நெடுக்காக இரண்டு கோடு, குறுக்காக ஒரு கோடு கீறி, பட்டையை ஒரு கதவைப் போலத் திறக்கவேண்டும். உள்ளே ஈரமாக மினுங்கும் படையைத் தொடக்கூடாது, கீறக்கூடாது, விரல் அழுக்குப் படவும் கூடாது. அதே அளவில் அரும்புள்ள பட்டைத் துண்டை எடுத்து உள்ளே வைத்து, பொலித்தீன் நாடாவால் சுற்றவேண்டும். மூன்று கிழமை கழித்துப் பிரித்துப் பார்த்தால் பச்சையாக இருக்கவேண்டும். கறுத்திருந்தால் அத்தனை பாடும் வீண். பெரியப்பா வேலை செய்த இடத்தில் கட்டிய ஒட்டுக்குக் கணக்கில்லை. பிடித்த ஒட்டுக்குத்தான் கணக்கு. கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பல் இருந்தால் அது சம்பளத்தைக் கடிக்கும் என்பது இதனால்தான்.

கடந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு அவருக்கு ஒரு கத்தி வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுத் தோட்டத்தில் தோடைக்கும் மாவுக்கும் ஒட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர் அவர். அவருடைய பழைய கத்தி தேய்ந்து தேய்ந்து மீன்முள்ளைப் போலாகியிருந்தது. இரும்புக்கடைத் தகரத்தைக் கிளறினேன். முதலில் கையில் அகப்பட்டது 750 ரூபாக் கத்தி. மரப்பிடி. மடக்கினால் அலகு நடுவில் நில்லாமல் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மரத்துக்கும் அதன் கீழிருந்த தகட்டுக்கும் நடுவே ஒரு கடதாசி நுழையும் இடுக்கு. முதுகில் வில் ஒரு மயிரிழை மேலே துருத்தியிருந்தது. ஆணித்தலை சரியாகத் தட்டப்படவில்லை. ஒரு பக்கச் சாணை அகலமாகவும் மறுபக்கச் சாணை ஒடுக்கமாகவும் விழுந்திருந்தது. இத்தனை குற்றங்களையும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அதைத் தகரத்திலேயே போட்டேன். பிறகு 1,400 ரூபா கொடுத்து, கண்ணாடிபோல மின்னும், பிடியில் மான் தலை பொறித்த ஒன்றை வாங்கினேன். அதில் ஓர் இடுக்கு இல்லை. அலகு நடுநாயகமாக நின்றது.

பொங்கலன்று பெரியப்பா அதைக் கையில் வாங்கினார். திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"என்னா தம்பி, இது கல்யாணத்துக்குப் போற கத்தியா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக்கட்டையை எடுத்துவந்தார். கத்தியைத் திறந்து, விரல்களெல்லாம் அலகு மடங்கும் வழிக்கு வெளியே இருக்கும்படி உள்ளங்கையால் மட்டும் பிடியை அணைத்து, நுனியைக் கட்டையில் ஊன்றி மெதுவாகச் சாய்த்தார். அலகு ஒரு முனகலும் இல்லாமல் மடங்கிக்கொண்டது. அதன் பிறகு தன் வலது கை ஆட்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துப் பழகிய விரல்தான். இரண்டாம் கணுவில் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு. அந்த விரல் முழுதாக மடங்காது.

"இது மாதிரி ஒன்னுதான். பட்டைய நுனியால நெம்புனேன். வில்லு கைய விட்டுருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கத்தியைக் கொடுத்தவர்கள் யார், வைத்தியச் செலவை யார் ஏற்றார்கள் என்ற கதை நீளமானது. அது இங்கே வேண்டாம். அந்த விரலோடுதான் பிறகும் இருபது வருடம் ஒட்டுக் கட்டினார். நடுவிரலால் கத்தியைத் தள்ளப் பழகிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கத்திக்கு வில்லுக்கத்தி என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. பெயரே உயிர்நிலையைச் சொல்லிவிடுகிறது. பிடியின் முதுகில் நீளமாகக் கிடக்கும் உருக்குத் தகடுதான் வில். அலகின் அடிப்பாகம் சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் வில் அந்தச் சதுரத்தின் மீது அழுத்தி அலகை நிறுத்துகிறது. பூட்டு ஏதுமில்லாத சாதாரண மடக்குக் கத்தியில் உங்கள் விரலுக்கும் அலகுக்கும் இடையிலே நிற்கின்ற ஒரே காவலாளி இந்த வில்தான். என் மான்தலைக் கத்தியில் காவலாளி உறங்கிக்கொண்டிருந்தான். மினுக்கமெல்லாம் வெளியே இருந்தது. நான் ஒற்றைக் கண்ணை மூடிக் கல் பார்க்கிறவனைப் போல் பார்த்தேனே தவிர, கத்தியைக் கத்தியாகப் பார்க்கவில்லை.

எனக்கு ஏன் அது தெரியாமற் போயிற்று என்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் தலைமுறையினர் லயத்தில் வளர்ந்த காலம் யுத்த காலம். 2009 வரையில், தமிழ் இளைஞன் ஒருவன் பஸ்ஸில் ஏறும்போது சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று ஒருமுறையும், வேறொன்றும் இல்லையே என்று இரண்டு முறையும் தடவிப் பார்த்துக்கொள்வான். சோதனைச் சாவடியில் ஒரு பாக்குவெட்டும் கத்திக்கு எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் அம்மா பென்சில் சீவும் கத்தியைக்கூடப் புத்தகப்பையில் வைக்க விட்டதில்லை. தகப்பன் மடியிலிருந்து மகன் மடிக்கு மாறவேண்டிய ஒரு பொருள் எங்கள் வீடுகளில் அடுக்களை அலுமாரிக்குள் போய்விட்டது. அதோடு அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் போய்விட்டது.

பெரியப்பா அத்தோடு விடவில்லை. வாசலில் கிடந்த காய்ந்த தேங்காய்ச் சிரட்டையின் ஓரத்தை அந்தக் கத்தியால் பத்துப் பன்னிரண்டு தடவை சுரண்டினார். பிறகு வாயைத் தன் பெருவிரல் நகத்தின் மேல் மெல்ல ஓட்டினார். என்னையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் வழுக்கியது, ஓரிடத்தில் கொக்கிபோல இழுத்தது. வாய் ஒரு பக்கமாக மடிந்துவிட்டது. "பதம் இல்ல" என்றார்.

பதம் என்ற சொல்லைத் தமிழாசிரியன் நான் சோற்றுக்கும் சொல்லுக்கும் பயன்படுத்துகிறவன். கொல்லனுக்கு அது வேறு. உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோல் உடையவும் செய்யும். மறுபடி மிதமாகச் சூடேற்றினால் கடினத்தில் சிறிதை இழந்து உறுதியைப் பெறும். அந்தச் சூட்டின் அளவை நிறத்தைக் கொண்டு அறிவார்கள். துலக்கிய உருக்கில் வைக்கோல் மஞ்சள் தோன்றும்போது வெப்பம் ஏறத்தாழ 220, 230 பாகை செல்சியஸ். நீலம் தோன்றும்போது 300 பாகைக்கு அண்மை. வெட்டும் வாய்க்கு மஞ்சள் நன்று, வில்லுக்கு நீலம் நன்று. ஒரே கத்திக்குள் இரண்டு பதம்! தொழிற்சாலையில் சாணை பிடிப்பவன் அவசரத்தில் அலகை அழுத்திவிட்டால் வாயோரத்தில் நீலம் ஏறி, அந்த இடம் மெழுகாகிவிடும். மேலே மெருகு போட்டுத் துடைத்துவிட்டால் நீலமும் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற குற்றத்துக்கு இத்தனை கோபப்படுகிறோம். கேடு செய்கிறது தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

இந்த ஒளிந்திருக்கும் குணத்தைக் கண்டறிய உலகம் வெகுகாலமாகப் பாடுபட்டிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் வாளின் இலட்சணத்துக்கென்று ஓர் அத்தியாயமே வைத்தார். ஆனால் அவர் அலகிலுள்ள வடுவின் இடத்தை விரற்கடையால் அளந்து உடையவனுக்கு நன்மை வருமா தீமை வருமா என்று பலன் சொல்கிறார். நானும் இரும்புக்கடை வாசலில் நின்று பார்த்தது ஒருவகையில் சாதகம்தான்! 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூல் வேறு மாதிரி. எந்த உருக்கு, எந்த நாட்டு உருக்கு, எங்கே அடித்தது என்று அவர் வகை பிரிக்கிறார். அந்த வகைகளுள் ஒன்று சரந்தீபு, அதாவது நமது இலங்கை.

அந்த உருக்குக்கும் எங்கள் சப்பிரகமுவ மண்ணுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படும் காலத்தில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. கில் ஜூலெவ் என்ற ஆங்கிலத் தொல்லியலாளர் அவற்றை ஆராய்ந்தார். அந்த மாதிரியில் ஓர் உலையைத் தாமே கட்டி, துருத்தி எதுவுமின்றித் தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார். 1996இல் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழில் அது வெளியாயிற்று. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான உலைகள் அவை. அதே பலாங்கொடைப் பகுதியில் இரும்பு உருக்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அணையாமல் இருந்தது. அதைப் பார்த்து எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவரது மத்தியகாலச் சிங்களக் கலை நூல் 1908இல் வெளிவந்தது. கலை பற்றிப் பேசுகையில் அவர் பெயரை எடுக்கும் நாம், அவர் இந்நாட்டுக் கனிப்பொருள் அளவைத் துறையின் தலைவராக இருந்து இரும்பையும் கல்லையும் ஆராய்ந்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். இத்தனை பெரிய உலைகள் எரிந்த மலையடிவாரத்து ஊரில் நின்றுகொண்டு நான் பதமில்லாத கத்தியை 1,400 ரூபாவுக்கு வாங்கினேன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையே அழைத்துக்கொண்டு இரத்தினபுரிக்குப் போனேன். அவர் தகரத்துக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்தார் என்றே சொல்லவேண்டும். திறக்கும்போது 'டக்' என்ற ஒலி திடமாக வரவேண்டும். மூடும்போதும் வரவேண்டும். வராதவை ஒதுங்கின. பிறகு அலகைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் ஆடியவை ஒதுங்கின. பக்கவாட்டில் ஆடியதை மட்டும் அவர் ஒதுக்கவில்லை. எனக்கு அது விளங்கவில்லை. கடைசியில் அலகின் வாயைத் தூரத்துக் கதவு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வாய் நேராக ஓடுகிறதா, அடிப்பக்கத்தில் எங்காவது குழிந்திருக்கிறதா என்று பார்த்தார். தேர்ந்தெடுத்த கத்தியை என்னிடம் நீட்டினார். மரப்பிடி, இடப்பக்கம் சாய்ந்த அலகு, துருத்திய வில். நான் பொங்கலுக்கு முன்பு தூக்கிப் போட்ட அதே 750 ரூபாக் கத்தியா, அதன் உடன்பிறப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

மான்தலைக் கத்தியைத் திருப்பித் தரலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், நன்றாகத் தமிழ் பேசுபவர். கத்தியை வாங்கி இருபுறமும் பார்த்துவிட்டு, "சேர், இந்த விலைக்கு வேற என்ன எதிர்பாக்குறீங்க?" என்றார். பெரியப்பா பதில் சொன்னார். "மினுக்க எதிர்பாக்கல மொதலாளி. வெரல எதிர்பாக்குறோம்."

அந்தப் பதிலை நான் பலநாள் நினைத்துப் பார்த்ததுண்டு. விலை குறைவு என்பது ஒரு நியாயமான சமாதானம்தான். எதற்குச் சமாதானம் என்பதில்தான் வழக்கு. மெருகிடவில்லை, விளிம்பை வழவழப்பாக்கவில்லை, மரத்தையும் தகட்டையும் இடுக்கின்றிப் பொருத்த நேரமில்லை. இவற்றுக்கெல்லாம் கூலி உண்டு, அந்தக் கூலியை வாங்குபவன் கொடுக்கவில்லை, ஆகவே அந்த வேலை நடக்கவில்லை. இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வில்லில் நல்ல உருக்கு வைக்காததற்கும் தோய்ச்சலில் பதம் பார்க்காததற்கும் விலையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. கங்காணியின் விரலும் துரையின் விரலும் ஒரே அளவான இரும்பால்தான் அறுபடும். ஏழை வாங்கும் பொருள் அழகில் மலிவாக இருக்கலாம், காவலில் மலிவாக இருக்கக்கூடாது.

அன்று மாலை பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கத்தியைத் 'திருத்த' ஆரம்பித்தார். ஓர் அரம், ஒரு தீட்டுக்கல், ஒரு சிறு சுத்தியல், மெழுகுதிரித் துண்டு, தையல் மெஷின் எண்ணெய். இவ்வளவுதான் பட்டறை. முதலில் ஆணி. கத்தியை ஒரு பாறாங்கல்லின் விளிம்பில் படுக்கவைத்து ஆணித்தலையை மெல்ல மெல்லத் தட்டினார். இரண்டு தட்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்தார். பக்கவாட்டு ஆட்டம் போய்விட்டது. கூடத் தட்டியிருந்தால் அலகு இறுகித் திறக்காமற் போயிருக்கும். மேலும் கீழுமான ஆட்டம் வில்லின் குற்றம், அதைத் தட்டி மாற்ற முடியாது. கடையில் ஒன்றை ஒதுக்கி மற்றதை ஏற்ற காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

துருத்திய வில்லை அரத்தால் நான்கு இழுப்பு இழுத்தார். தகட்டின் ஓரத்துப் பிசிறை, உள்ளங்கையைக் கொப்புளமாக்கும் அந்தக் கூர் விளிம்புகளை, கல்லில் தேய்த்து மழுக்கினார். அலகின் முதுகு விளிம்பை மட்டும் தொடவில்லை. "இது இருக்கட்டும், பட்டையச் சொரண்ட ஒதவும்" என்றார். நான் குறை என்று நினைத்திருந்ததை அவர் கருவி என்றார். மரத்துக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்த இடுக்கில் மெழுகை உருக்கி ஊற்றினார். இந்த இடுக்கை மட்டும் அவர் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற இரத்தினபுரிப் பக்கத்தில் ஓர் இடுக்கு என்பது ஒரு குளம். தண்ணீரும் றப்பர்ப் பாலும் அதற்குள் புகுந்து உறைந்துவிட்டால், வெளியே பளபளக்கும் கத்தி உள்ளே துருவேறிக்கொண்டிருக்கும்.

மூடிய கத்தியில் அலகின் முதுகுப்பக்கமாகப் பெருவிரலை ஓட்டியபோது நுனி இலேசாகத் தட்டுப்பட்டது. பைக்குள் கைவிட்டால் குத்தும். அலகின் அடியில், கூராக்கப்படாத இடத்தில், ஒரு சிறு புடைப்பு இருக்கும். மூடும்போது அது வில்லில் முட்டி, அலகு எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அதை அராவினால் அலகு இன்னும் கீழே இறங்கும். நான் அதைச் செய்யச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். அதிகம் இறங்கினால் வாய் போய் வில்லின் மேல் இடித்து மொக்கையாகிவிடுமாம். புடைப்பை விட்டுவிட்டு, நுனியின் முதுகையே சற்று அராவித் தாழ்த்தினார். கடைசியாகச் சாணை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம் என்று நான் கண்டுபிடித்த மாபெரும் குற்றம் தீட்டுக்கல்லில் அரைமணி நேரத்தில் ஏறத்தாழச் சமமாகிவிட்டது.

"அலகு சாஞ்சி நிக்கிதே?" என்றேன்.

"தகட்டுல ஒரசுதா பாரு."

உரசவில்லை.

"அப்ப கெடக்கட்டும்."

சிறிது நேரம் கழித்து, அரத்தைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளைங்க பேப்பரயும் நீ இப்படித்தான் பாக்குறியா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் நான் போடும் வட்டங்களில் பாதி இந்தப் பிசிறுகளுக்குத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முழுவதும் சரணடைய மனமில்லை. சந்திப்பிழை பிசிறு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் 'வாழ்' என்பதை 'வாள்' என்று எழுதினால் அது பிசிறன்று, வில்! பொருளே மடங்கிக்கொள்ளும். இதை அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

பேர்பெற்ற கத்திகளும் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய ஒப்பினெல் கத்தி இன்று உலகெங்கும் அறியப்பட்டது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. அதிலே வில்லே கிடையாது, மரத்தின் இறுக்கம்தான் அலகை நிறுத்துகிறது. திறந்த அலகு விரல்மேல் மடங்காமல் இருக்க ஒரு வளையப் பூட்டு 1955இல்தான் சேர்க்கப்பட்டது. ஈரம் பட்டால் அதன் மரப்பிடி ஊதி, அலகை வெளியே இழுக்கப் பாடுபடவேண்டும். எங்கள் ஊர் மழைக்கு அது பெருங்குற்றமாக இருக்கும். ஆனால் அதை வைத்திருப்பவர்கள் பிடியின் அடியை ஒரு தட்டுத் தட்டி அலகை வெளியே எடுக்கப் பழகிவிட்டார்கள். ஜேர்மனியில் 1902இல் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளின் சந்தைக்கென்று பிறந்து, 1988 முதல் தென்னாபிரிக்காவில் செய்யப்படும் ஒக்காபி கத்தி இன்னொன்று. ஒரு வளையத்தை இழுத்தால் கடகடவென்று மடங்கும். பொருத்தத்தில் அதை யாரும் மெச்சமாட்டார்கள். ஆனாலும் ஆபிரிக்கத் தொழிலாளியின் பையில் அது நூறாண்டைக் கடந்துவிட்டது. செய்தவன் விட்ட இடத்திலிருந்து வைத்திருப்பவன் தொடங்குகிறான்.

நேயர்கள் பலருக்கும் புறநானூற்றின் 95ஆம் பாடல் நினைவுக்கு வந்திருக்கும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமான் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது. நெய் பூசி, பீலி சூட்டி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன உன் ஆயுதங்கள். எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன. இந்தக் கருத்தை வஞ்சப் புகழ்ச்சி என்று சொல்லி, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையாக எழுதவைத்துப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஔவையார் அந்தக் கொட்டிலில் எதையாவது கையிலெடுத்து நுனியை ஊன்றிப் பார்த்தாரா என்று கேட்க எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அந்த 750 ரூபாக் கத்தியால் பெரியப்பா ஐப்பசி மழைக்கு முன்னே எங்கள் வீட்டுத் தோடை நாற்றில் ஆறு ஒட்டுக் கட்டினார். மூன்று கிழமை கழித்து நாடாவைப் பிரித்தபோது நான்கு பச்சையாக இருந்தன. இரண்டு கறுத்திருந்தன. அந்த இரண்டையும் அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியைக் குறை சொல்லவில்லை. "கட்டுனப்ப கை நடுங்கிருச்சு" என்றார்.

மான்தலைக் கத்தி இப்போது என் மேசையில் இருக்கிறது. கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்கவில்லை, பெரியப்பாவும் அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார். பரீட்சைக் காலத்தில் விடைத்தாள் கட்டுகளின் நூலை அறுக்க உதவுகிறது. அதைக் கொடுக்கும்போது அவர் சொன்னது, "நூலறுக்க இது போதும் தம்பி. நுனியால மட்டும் எதயும் நெம்பிராத."